பூர்வீக வீட்டைப் பழுதுபார்க்க: டேப், டிரோன், ஸ்கேனர், பிம் – எதற்குக் காசு கொடுப்பது?

செட்டிநாட்டில், காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டைத் திறந்து வேலை பார்க்கலாம் என்று குடும்பம் முடிவெடுத்தால், இப்போது இரண்டு விதமான மதிப்பீடு கைக்கு வருகிறது. ஒன்று, மேஸ்திரி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு டைரித் தாளில் எழுதித் தருவது. ஓடு பிரித்து அடுக்க இவ்வளவு, பூச்சுக்கு இவ்வளவு, மரவேலைக்கு இவ்வளவு. கடைசி வரியில் ‘மற்றது வேலை ஆக ஆகப் பார்த்துக்கலாம்’. இன்னொன்று, வெளியூர்க் கம்பெனி அனுப்பும் வண்ணக் கோப்பு: லேசர் ஸ்கேனிங், டிரோன் சர்வே, பிம் மாடல் (ஒவ்வொரு பாகத்தின் தகவலும் ஒட்டிய முப்பரிமாணக் கணினி மாதிரி), வேலை நடப்பதைக் கைப்பேசியில் காட்டும் டேஷ்போர்டு, சில சமயம் சுவர் பூசும் மெஷின். முதல் தாளில் கடைசி வரிதான் பயமுறுத்தும். இரண்டாவதில் முதல் வரியிலிருந்தே பயம் ஆரம்பிக்கிறது.

இந்தப் பக்கத்தில் பழைய வீட்டு வேலை பார்க்கும் சிவில் ஆள் என்ற முறையில் என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்கென்று ஒரு தொகை ஒதுக்க முடிந்தால், அதில் பெரும்பங்கு அளவெடுப்புக்கும் பதிவுக்கும் போகட்டும். கணக்குக்கும் தகவலுக்கும் கையில் இருக்கும் கைப்பேசியே போதும். பிம் மாடல் சில வீடுகளுக்கு மட்டும். வேலையைச் செய்யும் இயந்திரத்துக்கு, மரவேலையில் ஒரு சின்ன விதிவிலக்கு தவிர, இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம்.

காரணம் இந்த வீடுகளின் சங்கதியிலேயே இருக்கிறது. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீளும் வீடு. சொந்தக்காரர்கள் ஒருவர் இருவர் அல்ல. பங்காளிகள் சென்னையிலும் கோவையிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாரோ விரல்விட்டு எண்ணும் அளவில்தான். ஆக, இங்கே வேலை நிற்பது கை மெதுவாக ஓடுவதால் அல்ல. என்ன செய்ய வேண்டும், எவ்வளவு ஆகும் என்று பத்துப் பேரும் ஒத்துக்கொள்ளாததால் நிற்கிறது. கட்டுமானத் துறையின் உற்பத்தித் திறன் இருபது ஆண்டுகளாக ஆண்டுக்கு 1 சதவீதம்தான் வளர்ந்தது, மொத்தப் பொருளாதாரமோ 2.8 சதவீதம் வளர்ந்தது என்று ஆலோசனை நிறுவனமான மெக்கின்சி 2017-ல் வெளியிட்ட கணக்கைத் தொழில்நுட்பம் விற்க வருகிறவர்கள் தவறாமல் காட்டுவார்கள். கணக்கு சரிதான். ஆனால் அது உலகம் முழுவதும் நடக்கும் எல்லாக் கட்டுமானத்தையும் சேர்த்துச் சொன்னது. நம் வளவில், அதாவது திறந்த முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில், ஒரு மரச்சட்டம் உளுத்திருப்பதற்கு அது பதில் சொல்லாது.

அளவெடுப்பு

டேப்பைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஒழுங்காகப் பிடித்தால் நூறடிக்கு அரை அங்குலத்துக்குள் நிற்கும். கெடுவது பிடிக்கும் முறையில்தான். முகப்பு, பட்டாலை (கூடம்), வளவு, இரண்டாம் கட்டு என்று ஒவ்வொன்றாகத் தனித்தனியே அளந்து கடைசியில் கூட்டினால், இடத்துக்குக் கால் அங்குலப் பிசகு பன்னிரண்டு இடத்தில் ஒரே பக்கமாகச் சேர்ந்து மூன்று அங்குலமாகிவிடும். வாசலில் டேப்பின் முனையை ஊன்றி, பின்கட்டு வரை அப்படியே இழுத்து, வழியில் வரும் ஒவ்வொரு சுவரையும் தொடர் அளவாகக் குறிக்க வேண்டும். இதைச் செய்யாத அளவெடுப்பாளரை எந்த மெஷினும் காப்பாற்றாது.

கையடக்க லேசர் மீட்டர் 1993-ல் லைக்கா டிஸ்டோ என்ற பெயரில் வந்தது. இன்று சில ஆயிரம் ரூபாய்க்கு எந்தப் பிராண்டிலும் கிடைக்கிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் துல்லியம். இரண்டு பேர் பிடிக்க வேண்டியதை ஒருவர் பிடிக்கலாம், உத்திரத்தின் உயரத்துக்கு ஏணி போட வேண்டாம். வளவின் திறந்த முற்றத்தில் நடுப்பகல் வெயிலில் சிவப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது, பளபளக்கும் கருங்கல் தூணில் அளவு தடுமாறும். காலையிலேயே முற்றத்தை முடித்துவிட வேண்டும், தூணில் ஒரு வெள்ளை அட்டையை ஒட்டிக்கொண்டால் போதும். வாங்கியே தீர வேண்டிய ஒரே கருவி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இதன் மதிப்பு தரை போடும்போது தெரியும். ஓர் அறை 18 அடி 4 அங்குலத்துக்கு 11 அடி 7 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பத்தங்குல ஆத்தங்குடிக் கல் என்றால் நீளத்துக்குச் சரியாக 22, அகலத்துக்கு 13.9. அகலத்தில் ஒரு வரிசையைக் கொஞ்சம் அரக்கினால் முடிந்தது என்று தோன்றும். இப்போது மூலைக்கு மூலை பிடித்துப் பாருங்கள். அறை சதுரக்கோணத்தில் இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் 21 அடி 8¼ அங்குலம் வர வேண்டும். ஒன்று 21 அடி 10, மற்றது 21 அடி 6½ என்று வந்தால், அறை அகலவாக்கில் இரண்டு அங்குலம் கோணியிருக்கிறது என்று அர்த்தம். பூவேலைப் பார்டர் அந்தக் கோணலை ஆப்பு மாதிரி காட்டிக்கொடுக்கும். நூறு வருஷ வீட்டில் கோணாத அறையே அபூர்வம். ஆத்தங்குடிக் கல் ஒவ்வொன்றும் கண்ணாடி மேல் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து வருவது. குறைகிறதே என்று பிறகு இருபது கல் சொல்லிவிட்டால் நிறம் ஒத்துவராது. நான்கு பக்கமும் இரண்டு மூலைவிட்டமும் கையில் இருந்தால், பார்டரைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளினால் கோணல் கண்ணில் படாது என்பதைக் கல் சொல்லுமுன்பே வரைந்து பார்த்துவிடலாம். இதற்கு ஒரு இலவச வரைபட மென்பொருளும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.

2020-ல் ஐபோன் 12 ப்ரோவோடு கைப்பேசிக்குள்ளேயே லேசரால் தூரம் அளக்கும் லைடார் வந்தது. ஐந்து மீட்டர் வரை பார்க்கும். ஓர் அறையைச் சுற்றி வந்தால் முப்பரிமாணப் படமாகிவிடும். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்ப அருமையான பொருள். ஆனால் முகப்பிலிருந்து பின்கட்டு வரை நடந்துகொண்டே எடுத்தால், போகப் போகப் படம் நழுவி, நேர்ச்சுவர் வாழைக்காய் போல வளைந்து நிற்கும். அறை அறையாக எடுத்துப் பார்க்க வைத்துக்கொள்ளலாம், அதில் அளவு பிடித்து மரம் அறுக்கச் சொல்லாதீர்கள்.

அடுத்தது முக்காலியில் நிற்கும் அசல் ஸ்கேனர். நொடிக்கு லட்சக்கணக்கான, புதிய வகைகளில் இருபது லட்சம் வரையான புள்ளிகளை அளந்து தள்ளும். விலை பல லட்சம் என்பதால் வாங்கும் பேச்சே இல்லை, ஆளோடு வாடகைக்குத்தான். இதன் பெருமைக்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் பாரிஸின் நோத்ர-டாம். ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் 2010-ல் அந்தத் தேவாலயத்தை ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஸ்கேனரை நிறுத்தி அளந்து வைத்திருந்தார். 2018-ல் அவர் இறந்துபோனார். 2019 ஏப்ரலில் கூரை எரிந்தது. அவர் விட்டுச்சென்ற புள்ளிகள் மீட்டெடுப்பவர்களுக்குக் கைகொடுத்தன. 2024 டிசம்பரில் கோயில் திறந்தது. நம் ஊரில் வீடுகள் எரிவதில்லை. தூணும் கதவு நிலையும் தனித்தனியாக விலைபோகின்றன. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் ஏறியது 2014-ல். அதற்குப் பிறகும் பிரித்து விற்கப்பட்ட வீடுகள் உண்டு. பிரிக்கத்தான் போகிறோம் என்று குடும்பம் முடிவெடுத்துவிட்டாலும், அதற்கு முன் ஒருமுறை ஸ்கேன் செய்து வையுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

செட்டிநாட்டு வீட்டில் ஸ்கேனருக்கு இரண்டு விநோதச் சிக்கல்கள். ஒன்று பெல்ஜியம் கண்ணாடி. லேசர் ஒளி ஆளுயரக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி எதிர்ச்சுவரை அளந்துவிடும். கணினியில் பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு பட்டாலை இருக்கும், அதில் இன்னொரு வரிசைத் தூண்கள். தெரியாத ஆள் அதை அப்படியே வரைந்து தந்துவிடுவார். ஸ்கேன் தொடங்குமுன் எல்லாக் கண்ணாடிகளின் மேலும் பழைய வேட்டியைப் போர்த்தச் சொல்லுங்கள். முட்டைப் பூச்சுச் சுவரும் இத்தாலியப் பளிங்கும் அந்த அளவுக்குப் படுத்தாது, என்றாலும் ஓரங்களில் இரைச்சல் வரும்.

இரண்டாவது சிக்கல் சாவி. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் அறை ஒதுக்கிய வழக்கம் நமக்குத் தெரியும். அந்த அறைகளின் சாவி இன்று எந்தெந்த ஊரில் இருக்கிறதோ. பல லட்ச ரூபாய் மெஷின் பூட்டிய கதவுக்கு முன்னால் வாடகை ஓட நின்றுகொண்டிருப்பதைவிட வயிற்றெரிச்சல் வேறில்லை. இதற்கு ஆச்சி ஒருவர் சொன்ன யோசனைதான் இன்றுவரை சிறந்தது. “தம்பி, படைப்புக்கு எல்லாரும் வருவாக. அன்னிக்கு மறுநா வச்சுக்கங்க. சாவியும் இருக்கும், சண்டையும் அங்கயே தீந்துரும்.” முன்னோருக்குப் படைக்கும் படைப்போ, கல்யாணமோ, குலதெய்வக் கும்பிடோ, குடும்பம் கூடும் தேதியைப் பார்த்து அதற்கு மறுநாள் ஸ்கேனருக்குச் சொல்லுங்கள்.

விலைப்பட்டியலில் கண்ணுக்குத் தப்பும் செலவு ஒன்று உண்டு. ஸ்கேனர் தருவது புள்ளிக்குவியல்; அது வரைபடம் அல்ல. அதன்மேல் ஒருவர் உட்கார்ந்து சுவர், தூண், நிலை என்று வரைய வேண்டும். ஸ்கேன் ஓரிரு நாளில் முடியும், வரைவதற்கு வாரக்கணக்காகும். ‘ஸ்கேனிங்’ என்று போட்டிருக்கும் தொகையில் வரைபடம் சேர்த்தியா, எத்தனை தளப்படம், எத்தனை வெட்டுமுகம் என்று கேட்டுவிட்டுத்தான் ஒரு கம்பெனியை இன்னொன்றோடு ஒப்பிட முடியும். பழுது சின்னது, கூரை மட்டும்தான் என்றால் ஸ்கேனர் வேண்டாம். லேசர் மீட்டரும் பொறுமையான ஒரு டிராஃப்ட்ஸ்மேனும் போதும். நான்கு பங்காளிகளுக்கு மேல் இருந்து பாகப்பிரிவினை வாடையும் அடிக்கிறது என்றால், ஸ்கேனுக்குக் கொடுக்கும் காசு வக்கீலுக்குக் கொடுப்பதைவிடச் சல்லிசு.

கூரைக்கு டிரோன். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. நாட்டு ஓட்டின் மேல் ஆள் ஏறினாலே பத்து ஓடு உடையும்; ஒழுகும் இடத்தைத் தேடப் போய் ஒழுகாத இடத்தையும் ஒழுக வைப்போம். டிரோன் மேலே நின்று, ஒரு படம் அடுத்த படத்தோடு முக்கால் பங்கு மேற்படியும்படி எடுத்துக்கொண்டே போனால், கணினி அவற்றைக் கோத்து முழுக் கூரையையும் ஒரே படமாக்கிவிடும். தரையில் நாமே அளந்து வைத்த இரண்டு மூன்று குறிகள் அதில் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் படம் அழகாக இருக்கும், அளவு பொய் சொல்லும். வெப்ரோடிஎம் போன்ற இலவச மென்பொருளே இந்தக் கோக்கும் வேலையைச் செய்கிறது. நெளிந்த சரிவு, நகர்ந்த ஓடு, இரண்டு கூரைச் சரிவும் சேரும் தகர வாய்க்காலில் முளைத்த ஆலங்கன்று எல்லாம் தெரியும். ஓட்டுப் பரப்பு எத்தனை சதுர அடி என்பதும் வரும். மேஸ்திரி சொன்ன எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஐப்பசி மழைக்கு முன் எடுத்தால்தான் பிரயோசனம்.

சட்டமும் முன்னைப்போல் கடினமில்லை. 2021 டிரோன் விதிகள்படி தடையில்லாத பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன்அனுமதி தேவையில்லை. 250 கிராமுக்கு உட்பட்ட நானோ வகைக்கு ஓட்டுநர் சான்றும் தேவையில்லை. உங்கள் ஊர் எந்த மண்டலம் என்று மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அன்று காலையே பார்த்துவிடுவது நல்லது. பக்கத்து வீட்டு ஆச்சி மொட்டைமாடியில் வத்தல் காயப்போட்டிருந்தால் முதலில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். விதிப்புத்தகத்தில் இது இல்லை, ஊரில் உண்டு.

இவை எதற்கும் தெரியாதது சுவருக்கும் மரத்துக்கும் உள்ளே இருப்பது. ஸ்கேனரின் கண்ணுக்கு உளுத்த சட்டமும் உறுதியான சட்டமும் ஒன்றுதான். ஆசாரி சுத்தியலால் தட்டிக் கேட்பதும், கூர்க்கம்பியால் குத்திப் பார்ப்பதும் இன்னும் ஓய்வுபெறவில்லை. ஈரத்துக்கு மட்டும் வெப்பக் கேமரா உதவும். கசிவு இருக்கும் சுவர், ஈரம் ஆவியாவதால் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்து வேறு நிறத்தில் தெரியும். மெட்ராஸ் டெரஸில் (மரச்சட்டத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட மாடித்தளம்) எங்கே தண்ணீர் இறங்குகிறது என்று ஊகித்து ஊகித்து உடைப்பதைவிட இது எவ்வளவோ மேல். பிற்காலத்தில் பின்கட்டில் சேர்த்த கான்கிரீட் பகுதிகளில் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்பதற்கு மின்னழுத்தச் சோதனை இருக்கிறது. செம்பு–செம்பு சல்பேட் மின்முனையை வைத்து அளக்கும்போது மைனஸ் 350 மில்லிவோல்ட்டையும் தாண்டிக் கீழே போனால், துரு ஓடிக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. அழகப்பச் செட்டியாரின் கொடையில் எழுந்து 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அரிமானம், அதாவது உலோகம் துருப்பிடிப்பது, அதன் பழைய பாடம். மாடல் செய்ய வைத்திருக்கும் காசில் கொஞ்சத்தை இந்தச் சோதனைகளுக்கு மாற்றச் சொல்வேன்.

வரைபடமா, பிம்மா?

கணினியில் வரைபடம் போடும் ஆட்டோகேட் 1982-ல் வந்தது. அதில் சுவர் என்பது இரண்டு கோடு. பிம்மில் சுவர் என்றால் அது சுவர்தான். கனம், பொருள், பூச்சு, விலை எல்லாம் அதோடு ஒட்டியிருக்கும், ஒன்றை மாற்றினால் தளப்படமும் வெட்டுமுகமும் அளவுப்பட்டியலும் சேர்ந்து மாறும். பிரிட்டனில் மத்திய அரசுக் கட்டுமானங்களுக்கு 2016-லேயே இதைக் கட்டாயமாக்கினார்கள். புதிய மருத்துவமனையோ அடுக்குமாடியோ கட்டுகிறீர்கள் என்றால் நானும் அதையே சொல்வேன்.

செட்டிநாட்டு வீட்டில் கதை வேறு. ரெவிட் போன்ற பிம் மென்பொருளின் பொருள்கிடங்கில் வளவுத் தூணும் இல்லை, தூணின் தலையில் உட்காரும் போதிகையும் இல்லை, நிலைக்கதவின் மேல் உட்கார்ந்திருக்கும் கஜலட்சுமியும் இல்லை. ஒவ்வொன்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். சுவர் அடியில் ஒரு கனம், மேலே ஒரு கனம். மென்பொருள் நேராக்கிவிடும், நாம் வளைக்க வேண்டும். ஆண்டுச் சந்தா வேறு. குடும்பம் வருஷத்துக்கு இரண்டு முறை வந்து தங்குவதற்காகப் பழுதுபார்க்கும் வீட்டுக்கு இதெல்லாம் தண்டம்.

ஒரு சந்தர்ப்பத்தில் என் பேச்சை மாற்றிக்கொள்வேன். வீட்டைத் தங்கும் விடுதியாக்கப் போகிறீர்கள் என்றால். கானாடுகாத்தானிலும் கோத்தமங்கலத்திலும் கடியாபட்டியிலும் அப்படி மாறிய வீடுகள் இருக்கின்றன. அறைக்கு ஒரு குளியலறை, ஏசி, சுடுதண்ணீர், தீயணைப்பு, ஒயரிங் என்று பழைய உடம்புக்குள் புது நரம்பு முழுவதையும் நுழைக்க வேண்டும். கழிவுக்குழாய் சரிவாகத்தான் போக வேண்டும். அது எந்த ஆத்தங்குடித் தரைக்கு அடியில் போகிறது, எந்த உத்திரத்தில் மோதுகிறது என்பதைக் கணினியில் முட்டவிட்டுப் பார்ப்பது, தரையை உடைத்துவிட்டுப் பார்ப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். அப்போதும் சிற்பத்தையெல்லாம் மாடல் செய்யச் சொல்லாதீர்கள். சுவர், தளம், உத்திரம், குழாய், ஒயர் போதும். சிற்பத்துக்குப் புகைப்படம் இருக்கிறது.

கணக்கு

பேரேடும் ஐந்தொகையும் வைத்துக் கடல்தாண்டி வியாபாரம் பார்த்தவர்களின் ஊரில் கணக்குக்கு மென்பொருள் விற்க வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்புத்தான். பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் இடத்துக்கு விரல்ரேகை வருகைப்பதிவு எதற்கு? சிமெண்டும் சுண்ணாம்பும் பட்ட விரலை அந்த மெஷின் அடையாளம் காண்பதற்குள் டீ ஆறிவிடும்.

தேவை ஒரு பகிர்வு அட்டவணை, ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு கட்டுப்பாடு. அட்டவணையில் தேதி, பொருள், அளவு, விலை, பில் படம், யார் கணக்கில் என்ற ஆறு பத்தி. கோயில் காரியத்துக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று புள்ளி வரி, வீட்டுக் காரியத்துக்குப் பங்கு விகிதம். அந்த விகிதத்தை ஒருமுறை போட்டுவிட்டால் சனிக்கிழமை கூலி கொடுத்து முடிக்கும்போது ஒவ்வொருவர் பாக்கியும் தானே நிற்கும். கட்டுப்பாடு என்றது, குழுவில் படம் மட்டும் போட வேண்டும், முடிவெடுக்கக் கூடாது. ‘அந்த நீலக் கலர் நல்லாருக்கே’ என்று பினாங்கு அண்ணன் போட்ட ஒரு வரியைக் கொத்தனார் உத்தரவாக எடுத்துக்கொண்டால் சுவர் நீலமாகிவிடும். முடிவு அட்டவணையில் ஏறினால்தான் முடிவு.

கேமரா பற்றிக் கேட்பார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு சிம் போட்டு, சோலாரில் ஓடும் கேமரா அவசியம். கதவும் தூணும் இரவோடு இரவாகக் காணாமல் போகும் ஊர் இது. அதை வாசலையும் சாமான் அடுக்கியிருக்கும் இடத்தையும் பார்த்து வையுங்கள். வேலை செய்பவரின் முதுகைப் பார்த்து வைத்தால் நல்ல கொத்தனார் அடுத்த வாரம் வேறு வீட்டுக்குப் போய்விடுவார், அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

கணினி உண்மையிலேயே பணம் மிச்சம் பிடிப்பது பின்கட்டில் புதிதாகக் கான்கிரீட் கட்டும்போது, கம்பி வெட்டுவதில். கம்பி வருவது 12 மீட்டர் நீளம். 4.2 மீட்டரில் இருபது துண்டும் 3.3 மீட்டரில் பத்துத் துண்டும் வேண்டும். தனித்தனியே வெட்டினால் முதலாவதுக்கு 10 கம்பி, இரண்டாவதுக்கு 4, ஆக 14. ஒரே கம்பியில் 4.2 இரண்டும் 3.3 ஒன்றும் வெட்டினால் 11.7 மீட்டர், பத்துக் கம்பியில் எல்லாம் முடிந்தது. 12 மில்லிமீட்டர் கம்பி என்றால், விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுக்கும் பழைய கணக்குப்படி மீட்டருக்கு 0.89 கிலோ, நான்கு கம்பிக்கு 42 கிலோவுக்கு மேல் மிச்சம். கெட்டிக்காரக் கம்பி மேஸ்திரி இரண்டு நீளத்துக்கு இதை மனதிலேயே போட்டுவிடுவார். முப்பது விதமான நீளம் வரும்போதுதான் அட்டவணை அவரை முந்துகிறது. தேடினால் இதற்கு இலவச மென்பொருள்களே கிடைக்கும்.

வேலை செய்யும் இயந்திரங்கள்

முப்பரிமாண அச்சில் வீடு கட்டும் செய்திகளைப் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் உண்டு. சென்னை ஐஐடி வளாகத்தில் 2021-ல் 600 சதுர அடி வீடு வந்தது. பெங்களூரு அல்சூரில் 2023 ஆகஸ்டில் 1,021 சதுர அடித் தபால் நிலையம் ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் எழுந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த இயந்திரம் வெற்று மனையில் புதுச் சுவரை வார்ப்பது. இருக்கிற வளவுக்குள் அதை நுழைக்கவும் முடியாது, நுழைத்தாலும் அது வார்ப்பது சிமெண்ட்.

பூச்சு மெஷினுக்கும் அதே பதில், கொஞ்சம் விரிவாக. சுண்ணாம்புப் பூச்சு பல அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல இறுகுகிறது. மேலடுக்கில் முட்டை வெண்கரு சேர்த்து வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துத்தான் அந்தப் பளபளப்பு. மெஷின் அடித்துத் தள்ளும் நேரத்தை மிச்சப்படுத்தும், இறுகும் நாளை மிச்சப்படுத்தாது. நேரம் ஆவது இறுகுவதில்தான். அதுவும் வாடகைக்கு வரும் மெஷின்கள் பெரும்பாலும் சிமெண்ட் கலவைக்காக வந்தவை. சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டை அடித்து மூடினால் உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பழைய சுவரையே உதிர்க்கும். எவ்வளவு சீக்கிரம் முடித்துத் தருவதாகச் சொன்னாலும் வேண்டாம்.

முதலில் சொன்ன விதிவிலக்கு மரவேலை. கணினி சொல்படி மரத்தைக் குடையும் சிஎன்சி ரவுட்டர் இப்போது சிறிய ஊர்ப் பட்டறைகளிலும் ஓடுகிறது. முழுக் கதவையும் அதில் குடைந்து வாங்கினால் எல்லா இதழும் ஒரே ஆழத்தில், உயிரில்லாமல் வரும். மேலிருந்து கீழே மட்டும் இறங்கும் உளி என்பதால் அடியில் குடைந்து தூக்கும் வேலை அதற்கு வராது. ஆனால் ஜோடித் தாங்குகட்டையில் ஒன்று காணாமல் போயிருந்தால், இருப்பதை ஸ்கேன் செய்து, கணினியில் இடவலம் மாற்றி, முக்கால்வாசி மரத்தை மெஷினில் கழித்துவிட்டு, கடைசிக் கால்வாசியை ஆசாரி கையில் கொடுக்கலாம். ஆசாரிக்கு முதுகுவலி மிச்சம், நமக்கு நாள் மிச்சம், உளித்தடம் ஆசாரியுடையது. கேட்டுப் பார்த்ததில் இளைய ஆசாரிகள் ஒத்துக்கொள்கிறார்கள். மூத்தவர்கள் மெஷினில் வந்த கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இழை பார்க்காம வெட்டிருக்கே” என்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. கட்டையை மெஷினில் வைக்கும் முன் இழை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அவர்களையே குறித்துத் தரச் சொன்னால் தகராறு தீர்கிறது.

கோப்பு யாருடையது?

எந்தக் கம்பெனிக்கு வேலை கொடுத்தாலும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியது ஒன்று. ஸ்கேனின் மூலப்புள்ளிகள் ஈ57 போன்ற பொதுவடிவக் கோப்பாக, டிரோன் எடுத்த அசல் படங்கள் அப்படியே, வரைபடம் பிடிஎஃப் மட்டுமல்லாமல் திருத்தக்கூடிய கேட் கோப்பாக, பிம் மாடல் இருந்தால் அதற்கான பொதுவடிவமான ஐஎஃப்சியில். இவை வீட்டுக்காரருக்குச் சொந்தம் என்று தெளிவாக இருக்க வேண்டும். பார்வைக்கு ஒரு இணைப்பு மட்டும் தருகிறவர்களிடம் சந்தா முடிந்த மறுநாள் கதவு மூடிவிடும். முழு ஸ்கேன் பல பத்து ஜிபி இருக்கும், மின்னஞ்சலில் போகாது. இரண்டு ஹார்டுடிஸ்க் வாங்கி ஒன்றை ஊரிலும் ஒன்றை வெளியூர்ப் பங்காளி ஒருவரிடமும் வையுங்கள், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்துப் புதிய டிஸ்க்கில் பிரதி எடுங்கள். வரைபடங்களை மட்டும் நல்ல தாளில் பெரிதாக அச்சடித்துப் பத்திரத்தோடு பெட்டகத்தில் போட்டுவிடலாம். அந்த அச்சுக்கு ஆகும் செலவு ஒரு மூட்டை சிமெண்ட் விலையைத் தாண்டினால் கடையை மாற்றுங்கள்.